நித்திய உடன்படிக்கையும் இறைப் பராமரிப்பும்

நித்திய உடன்படிக்கை என்பது, கடவுள் மனிதரோடு என்றென்றைக்கும் நிலைக்கும் உறவொன்றை ஏற்படுத்தினார் என்னும் விவிலியக் கருத்தைக் குறிக்கும் தொடராகும். அந்த உறவின் அடிப்படையில் விசுவாசிகளின் தேவைகளைக் கடவுள் கவனித்துக்கொள்கிறார் என்னும் நம்பிக்கை இறைப் பராமரிப்பு எனப்படுகிறது. தினத் தியான நூல்கள், பிரசங்கத் தொகுப்புகள், சபை இதழ்கள் ஆகியவற்றில் இவ்விரண்டு கருத்துகளும் பெரும்பாலும் இணைத்தே எழுதப்படுகின்றன.

இவ்வகைத் தியானங்கள் அனைத்தும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உடன்படிக்கை நித்தியமானது என்றால், அதை நம்பியவர் வீட்டில் ஏன் குறைவு வருகிறது? நோய் தீராதவர், வேலை இழந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஆகியோரும் இத்தியானங்களை வாசிக்கின்றனர். அவர்களுக்கு ஒரு தியானம் என்ன சொல்கிறது என்பதைக் கொண்டு அதன் தரத்தை அளக்கலாம். விவிலிய மூலப் பகுதிகளையும், பின்னர் எழுந்த சில தியான மரபுகளையும் இக்கட்டுரை அந்த அளவுகோலின்படி ஆராய்கிறது. விவிலியப் பெயர்கள் இங்குப் பழைய மொழிபெயர்ப்பின்படி தரப்படுகின்றன.

சொற்பொருள்

உடன்படிக்கையைக் குறிக்கும் எபிரேயச் சொல் பெரித். உடன்படிக்கை செய்தல் என்பதை எபிரேயத்தில் ‘உடன்படிக்கையை வெட்டுதல்’ என்றே கூறுவர். விலங்கை இரண்டாக வெட்டி, அதன் துண்டங்களுக்கு நடுவே நடந்து உறுதி செய்யும் பண்டைய வழக்கத்தோடு இத்தொடர் தொடர்புடையது.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் பெரித் என்பதற்கு தியாதேக்கே என்னும் சொல்லைத் தேர்ந்தனர். சமமான இரு தரப்பினர் பேசி முடிவுசெய்யும் ஒப்பந்தத்துக்குக் கிரேக்கத்தில் சுந்தேக்கே என்ற வேறொரு சொல் இருந்தது. தியாதேக்கே அன்றாட வழக்கில் ஒருவர் தம் சொத்தைப் பற்றி எழுதிவைக்கும் உயிலைக் குறித்தது. உயிலில் எழுதுபவர் ஒருவரே. பெறுபவர் அதன் விதிகளைப் பேரம் பேச முடியாது. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 9ஆம் அதிகாரம், எழுதியவர் இறந்த பின்னரே உயில் செல்லும் என்று சொல்லி இந்தப் பொருளை வெளிப்படையாகவே பயன்படுத்துகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் மட்டும் ‘மரணசாசனம்’ என்று எழுதுகிறது.

தமிழிலும் இரண்டு சொற்கள் நின்றுவிட்டன. விவிலியத்தின் இரு பெரும் பகுதிகளின் பெயர் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு. நூலுக்குள்ளோ பெரும்பாலும் ‘உடன்படிக்கை’ என்றே வருகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பிலும் இந்த இரட்டை வழக்கு தொடர்கிறது. உடன்படிக்கை என்பது ‘உடன்படு’ என்னும் வினையிலிருந்து வருவதால், இரு தரப்பினரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் காட்சியை அது மனத்தில் எழுப்புகிறது. ஏற்பாடு என்பதோ ஒருவர் முன்னின்று மற்றவர்க்காகச் செய்துவைப்பது. ‘சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தாயிற்று’ என்று பேச்சு வழக்கில் சொல்லும்போது இப்பொருள் தெளிவாகும். உடன்படிக்கை, பராமரிப்பு என்னும் இரு கருத்துகளும் இந்த ஒரு சொல்லில் சந்திக்கின்றன. தியான எழுத்தாளர்கள் பலர் நூலின் அட்டையிலேயே உள்ள இச்சொல்லைக் கவனிக்காமல், உடன்படிக்கை என்பதன் ஒப்பந்தப் பொருளை மட்டுமே விரித்துள்ளனர்.

பராமரிப்பைக் குறிக்கும் புகழ்பெற்ற பெயரான ‘யேகோவாயீரே’ ஆதியாகமம் 22இல் வருகிறது. பொதுவாக இதற்குக் ‘கர்த்தர் தருவார்’ எனப் பொருள் கூறப்படுகிறது. மூல வினையின் பொருள் ‘பார்த்தல்’ என்பதாகும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘பார்த்துக்கொள்’ என்னும் வினையைக் கையாண்டிருப்பது மிகப் பொருத்தமானது. தமிழில் பார்த்துக்கொள்பவர் கேட்டதையெல்லாம் கொடுப்பவர் அல்லர், அருகிலிருந்து கவனிப்பவர்.

மூலப் பகுதிகள் காட்டும் உடன்படிக்கை

நித்திய உடன்படிக்கை என்னும் தொடர் விவிலியத்தில் முதன்முதலாக நோவாவின் கதையில், ஆதியாகமம் 9:16இல் வருகிறது. வெள்ளம் வடிந்த பின் செய்யப்படும் இந்த உடன்படிக்கையின் மறு தரப்பில் நோவாவின் சந்ததியார் மட்டுமல்லாமல் பறவைகளும் நாட்டு விலங்குகளும் காட்டு விலங்குகளும் உள்ளன. இவ்வுடன்படிக்கையை விசுவாசிகளுக்கு மட்டும் உரிய தனிச்சலுகையாக எழுதும் தியானங்கள் இந்தத் தொடக்கத்தைக் கடந்தே செல்கின்றன.

ஆதியாகமம் 15இல் ஆபிரகாம் விலங்குகளை வெட்டி எதிரெதிரே வைக்கிறார். வழக்கப்படி இரு தரப்பினரும் துண்டங்களுக்கு நடுவே கடந்து போகவேண்டும். ஆனால் ஆபிரகாம் அயர்ந்து உறங்குகிறார். புகையும் சூளையும் எரியும் தீவட்டியும் மட்டுமே கடந்து செல்கின்றன. வாக்குறுதியின் பாரம் முழுவதையும் கடவுளே ஏற்கிறார் என்பதே இக்காட்சியின் உட்பொருள் என்பது பரவலான விளக்கம். வெட்டப்பட்ட கன்றுக்குட்டியின் நடுவே கடந்துபோகும் வழக்கம் எரேமியா 34இலும் குறிப்பிடப்படுகிறது. அங்கு உடன்படிக்கை எபிரேய அடிமைகளை விடுதலை செய்வதைப் பற்றியது. விடுவித்தவர்களையே மீண்டும் பிடித்து அடிமையாக்கியதால் எருசலேமின் தலைவர்கள் உடன்படிக்கையை மீறியவர்களாகத் தீர்க்கப்படுகின்றனர். எளியவரை நடத்தும் முறை உடன்படிக்கைக்குள்ளேயே அடங்கியது என்பதை இப்பகுதி காட்டுகிறது.

ஜார்ஜ் மெண்டன்ஹால் 1954இல் வெளியிட்ட கட்டுரைகளில் சீனாய் மலை உடன்படிக்கையை ஹிட்டைட்டுப் பேரரசர்கள் சிற்றரசர்களோடு செய்த ஒப்பந்தங்களோடு ஒப்பிட்டார். மோஷே வைன்பெல்டு 1970இல், ஆபிரகாமுக்கும் தாவீதுக்கும் அளிக்கப்பட்ட உடன்படிக்கைகள் அரசர் தம் ஊழியருக்கு வழங்கும் கொடைச் சாசனத்தை ஒத்தவை என்று வாதிட்டார். முதல் வகையில் கடமை சிற்றரசர் மேல் விழுகிறது. இரண்டாம் வகையில் கொடுப்பவர் மேல் விழுகிறது. இப்பிரிவினை அவ்வளவு தெளிவானதன்று எனப் பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் மறுத்துள்ளனர். எனினும் தமிழ் வாசகருக்கு இது புரிதலுக்கு உதவும் ஒப்புமையே. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் கொடை ‘சந்திராதித்தவல்’ நிலைப்பதாக, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை செல்லுவதாக எழுதப்படும். எரேமியா 31, சங்கீதம் 89 ஆகியவற்றிலும் சூரியனும் சந்திரனுமே உடன்படிக்கையின் நிலைபேற்றுக்குச் சான்றாக நிறுத்தப்படுகின்றன.

மன்னா: பராமரிப்பின் இலக்கணம்

பராமரிப்பைப் பற்றிய விரிவான விவிலியப் பகுதி யாத்திராகமம் 16இல் உள்ள மன்னாவின் கதை. இங்குப் பராமரிப்புக்கு அளவு உண்டு. தலைக்கு ஓர் ஓமர். கால வரம்பும் உண்டு. அன்றைக்கு எடுத்தது அன்றைக்கே. மறுநாளைக்குப் பதுக்கியதில் புழு உண்டாயிற்று. ஓய்வுநாளுக்கு முந்திய நாளில் மட்டும் இரட்டைப் பங்கு எடுத்துவைக்கலாம். மிகுதியாகச் சேர்த்தவருக்கு மிஞ்சவில்லை. கொஞ்சமாகச் சேர்த்தவருக்குக் குறையவில்லை. உபாகமம் 8 இந்த நாற்பது ஆண்டு உணவை மக்களைப் பணியச் செய்து சோதித்த பயிற்சி என்று விளக்குகிறது. கானானின் விளைச்சலை உண்ணத் தொடங்கியதும் மன்னா நின்றுபோனதாக யோசுவா 5:12 கூறுகிறது.

எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகக் கொரிந்து சபையாரிடம் பணம் திரட்டும்போது பவுல் எடுத்துக்காட்டுவது இந்தக் கதையைத்தான் (2 கொரிந்தியர் 8:15). மன்னாவின் சமநிலையை இனி மனிதர்களின் பகிர்வே உண்டாக்க வேண்டும் என்பது பவுலின் வாதம். ஆகவே பராமரிப்பு என்பது வானத்திலிருந்து தனி ஒருவரின் கையில் விழுவதோடு முடிவதில்லை. ஒருவரிடம் மிஞ்சியிருப்பது இன்னொருவருக்கான ஏற்பாடாகவும் ஆகிறது.

முற்றுகைக்குள் ஒரு பத்திரம்

எரேமியா 32 நித்திய உடன்படிக்கையைப் பேசும் அதிகாரங்களில் ஒன்று. எருசலேமைப் பாபிலோனியர் முற்றுகையிட்டிருக்கின்றனர். எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்நேரத்தில் அவர் ஆனதோத்தூரிலுள்ள உறவினரின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகள் முன் பத்திரம் எழுதி, வெள்ளியைத் தராசில் நிறுத்து, முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் மண்பாண்டத்தில் நெடுநாள் இருக்கும்படி வைக்கச் சொல்கிறார். நகரம் விழப்போகிறது என்று அறிவித்தவரே அந்த நிலத்தை வாங்குகிறார்.

இங்கு நித்திய உடன்படிக்கை முற்றுகையை விலக்கவில்லை, நகரமும் விழுந்தது. அவ்வுடன்படிக்கையின் மேல் வைத்த நம்பிக்கை தம் வாழ்நாளில் அனுபவிக்கப்போகாத நிலத்துக்கு விலை கொடுக்கும் செயலாக வெளிப்படுகிறது. எதைப் பெறலாம் என்று மட்டும் பட்டியலிடும் தியானங்களில் இந்த அதிகாரம் அரிதாகவே இடம்பெறுவதில் வியப்பில்லை.

உடன்படிக்கைக்குள் எழும் முறையீடு

சங்கீதம் 89 இவ்வகையில் மிக முக்கியமானது. அதன் முற்பகுதி தாவீதின் சிங்காசனம் சூரியனைப் போலவும் சந்திரனைப் போலவும் நிலைக்கும் என்ற வாக்குறுதியை விரிவாகப் பாடுகிறது. 38ஆம் வசனத்தில் தொனி முற்றிலும் மாறுகிறது. கடவுள் தம் உடன்படிக்கையை ஒழித்துவிட்டார், கிரீடத்தைத் தரையில் தள்ளிவிட்டார் என்று பாடகர் குற்றம்சாட்டுகிறார். பழைய கிருபைகள் எங்கே என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குச் சங்கீதத்துக்குள் விடை வருவதில்லை.

பக்தி இதழ்களில் இச்சங்கீதத்தின் முற்பகுதியே பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. பிற்பகுதியை விட்டுவிட்டால் சங்கீதத்தின் பொருளே மாறிவிடும். பாடகர் முறையிடுவது நம்பிக்கை இழந்ததால் அன்று. உடன்படிக்கை இருக்கிறது என்று அவர் நம்புவதால்தான் அதைச் சுட்டிக் கேட்க முடிகிறது. வாக்குக் கொடுக்காதவரிடம் யாரும் வாக்கை நிறைவேற்றச் சொல்லிக் கேட்பதில்லை. துயரத்தில் கேள்வி கேட்பவரை அவிசுவாசி என்று ஒதுக்கும் எழுத்து, விவிலியமே திறந்துவைத்த வாசலை மூடிவிடுகிறது.

எபிரெயர் நிருபத்தின் வாழ்த்து

உடன்படிக்கையும் பராமரிப்பும் ஒரே வாக்கியத்தில் சேரும் இடம் எபிரெயர் 13:20-21. இயேசு இங்கு ஆடுகளின் பெரிய மேய்ப்பராகவும், நித்திய உடன்படிக்கையின் இரத்தத்தோடு இணைத்தும் பேசப்படுகிறார். மேய்ப்பர் என்றதும் வாசகருக்குச் சங்கீதம் 23இன் புல்வெளியும் நீர்நிலையும் நினைவுக்கு வரும். ஆனால் வாழ்த்து அடுத்துக் கேட்பது கடவுளின் சித்தத்தைச் செய்ய எல்லா நற்செயலிலும் தகுதிப்படுத்தப்படுவதை. பராமரிப்பின் நோக்கம் இங்குக் கடமைக்கான தகுதியாக வரையறுக்கப்படுகிறது.

இந்நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். அவர்கள் தங்கள் ஆஸ்திகளைக் கொள்ளை கொடுத்தவர்கள் (10:34). விசுவாச வீரர்களைப் பட்டியலிடும் 11ஆம் அதிகாரத்தில் சிலர் பட்டயத்துக்குத் தப்பினர். சிலர் பட்டயத்தால் வெட்டுண்டு இறந்தனர். இரு சாராரின் விசுவாசமும் ஒன்றாகவே மதிக்கப்படுகிறது. வாக்குறுதி அளிக்கப்பட்டதை அவர்கள் எவரும் அடையவில்லை என்று அதிகாரம் முடிகிறது. பெற்றவர் விசுவாசி, பெறாதவர் விசுவாசக் குறைவுள்ளவர் என்ற கணக்கு இந்நிருபத்தில் செல்லாது.

பிற்காலத் தியான மரபுகள்

சீர்திருத்த சபைகளின் மரபில் இவ்விரு கருத்துகளும் முறைப்படுத்தப்பட்டன. 1563இல் வெளியான ஹைடல்பெர்க் வினாவிடை நூல் இறைப் பராமரிப்பைப் பற்றிப் பேசும்போது மழையையும் வறட்சியையும், உடல்நலத்தையும் நோயையும், செல்வத்தையும் வறுமையையும் இணையிணையாக வைத்து, அனைத்தும் தந்தையின் கையிலிருந்து வருவதாகக் கூறுகிறது. வறுமையை விசுவாசக் குறைவின் அடையாளமாகக் காட்டாதது இதன் சிறப்பு. மனிதர் உண்டாக்கும் வறுமையையும் கடவுளின் கணக்கில் எழுதிவிட இது இடம் தரலாம் என்பது இதன் ஆபத்து. எரேமியா 34ஐ உடன் வைத்து வாசித்தால் அந்த ஆபத்து நீங்கும். 1646இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை 5ஆம் அதிகாரத்தில் பராமரிப்பையும் 7ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கையையும் தனித்தனியே விளக்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பராமரிப்பை வாழ்க்கை முறையாகவே ஆக்கிக் காட்டியவர் ஜார்ஜ் முல்லர் (1805-1898). இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் அனாதை இல்லத்தைத் தொடங்கிய இவர், யாரிடமும் நேரில் பணம் கேட்பதில்லை என்ற கொள்கையோடு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தார். கையில் பணமில்லாத நாட்களையும் மறைக்காமல் எழுதியது இவருடைய குறிப்புகளுக்கு நம்பகத்தன்மை தருகிறது. அச்சில் வந்த அவ்வறிக்கைகளே ஒருவகை வேண்டுகோளாகச் செயல்பட்டன என்ற விமர்சனத்திலும் நியாயம் உண்டு. ஆனால் முல்லர் பெற்றவை தமக்காக அல்ல, பிள்ளைகளுக்காகவே என்பதை அந்த விமர்சனம் மாற்றவில்லை. திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் 1901 முதல் பிள்ளைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேலும் (1867-1951) பணம் கேட்காத இதே கொள்கையைப் பின்பற்றினார்.

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவிய செழிப்பு உபதேசம் வேறு பாதையில் சென்றது. எச். கிளே டிரம்புல் 1885இல் வெளியிட்ட ஆய்வு நூல் பல இனங்களின் இரத்த உடன்படிக்கைச் சடங்குகளைத் தொகுத்தது. இ. டபிள்யூ. கென்யன் (1867-1948) அக்கருத்தை எடுத்து, உடன்படிக்கையில் சேர்ந்தவருக்குக் கடவுளின் வளங்களின்மேல் உரிமை உண்டு என்ற திசையில் வளர்த்தார். 1974இல் வெளியான கென்னத் கோப்லண்டின் நூல் உள்ளிட்ட பிற்கால நூல்கள் பொருட்செல்வத்தை உடன்படிக்கையின் ஒரு பகுதியாகவே கற்பித்தன. இவ்வுபதேசத்தார் அடிக்கடி காட்டும் வசனம் உபாகமம் 8:18. செல்வம் சேர்க்கும் வலிமையைக் கடவுள் தருகிறார் என்பதே அதன் செய்தி. ஆனால் அதற்கு முந்திய வசனம், என் கைபலமே இச்செல்வத்தைத் தந்தது என்று எண்ணுவதைக் கண்டிக்கிறது. அகந்தையை அடக்கச் சொன்ன எச்சரிக்கை இங்கு உரிமைப் பத்திரமாக வாசிக்கப்படுகிறது. அதுபோலவே மாற்கு 10:30இன் நூறுமடங்கு பலனைச் சொல்பவர்கள், அதே பட்டியலில் துன்பங்களும் இடம்பெற்றிருப்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

இவ்வுபதேசத்தின் ஈர்ப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. கடன் சுமையிலும் நோயிலும் இருப்பவருக்கு அது எழுந்து நிற்கத் துணிவு தருகிறது. வறுமையே புனிதம் என்று கற்பித்த போதனைகளுக்கு எதிர்வினையாகவும் அது அமைந்தது. பலன் வராதபோதுதான் அதன் கொடுமை வெளிப்படுகிறது. உடன்படிக்கை தவறாது, கடவுளும் தவறமாட்டார் என்றால் தவறியவர் விசுவாசியே என்ற முடிவுக்கு அது அவரைத் தள்ளுகிறது. நோயாளி தம் நோயோடு குற்ற உணர்வையும் சுமக்க நேர்கிறது.

தமிழ்ச் சபைகளில் வாக்குத்தத்த வசனம்

தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புத்தாண்டுக்கான வாக்குத்தத்த வசனம் வழங்கப்படுகிறது. அட்டையில் அச்சிட்ட அந்த ஒரு வசனம் ஆண்டு முழுவதும் வீட்டுச் சுவரில் தொங்கும். படிப்பறிவு குறைந்தவரும் ஒரு வசனத்தையாவது நெஞ்சில் வைத்திருக்க இவ்வழக்கம் உதவுகிறது. துயர நாளில் அந்த ஒரு வரியே கைத்தாங்கலாக இருந்ததுண்டு.

அட்டையின் குறை அதன் அளவிலேயே இருக்கிறது. முன்பின் வசனங்களுக்கு அதில் இடமில்லை. எடுத்துக்காட்டாக, எரேமியா 29:11 சமாதானத்தையும் நல்ல எதிர்காலத்தையும் வாக்களிக்கும் வசனமாகப் பலருக்கும் தெரியும். அதற்கு முந்திய வசனம் பாபிலோனில் எழுபது ஆண்டுகள் நிறைவேற வேண்டும் என்கிறது. அதே கடிதம் அயல்நாட்டில் வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், அந்நகரத்தின் நலனைத் தேடுங்கள் என்றும் சொல்கிறது. எழுபது ஆண்டுகளுக்குச் சொன்ன வாக்கைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் எதிர்பார்க்கும்போது ஏமாற்றம் நேர்வது இயல்பு. அந்த வசனத்தைத் தியானிப்பவர் முழுக் கடிதத்தையும் வாசித்தால், காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டிய வேலையும் அங்கேயே தரப்பட்டிருப்பதைக் காண்பார்.

மதிப்பீடு

நித்திய உடன்படிக்கையைப் பற்றிய விவிலியப் பகுதிகள் பராமரிப்பை மறுக்கவில்லை. உண்ண உணவும் குடிக்க நீரும் அவற்றில் வெளிப்படையாகவே வாக்களிக்கப்படுகின்றன. ஏசாயா 55 பணமில்லாதவர்களை இலவசமாக உண்ணவும் குடிக்கவும் அழைத்து, அந்த அழைப்போடேயே நித்திய உடன்படிக்கையையும் அறிவிக்கிறது. எனவே பராமரிப்பை வெறும் ஆன்மிக உருவகமாகச் சுருக்குவதும் மூலத்துக்கு நேர்மையாகாது.

அதே பகுதிகள் பராமரிப்புக்கு நான்கு வரையறைகளைத் தருகின்றன. அது அன்றன்றைக்குரியது, மன்னாவைப் போல் குவித்துவைக்க இயலாதது. அது பகிர்வதற்குரியது, கொரிந்து சபையின் கொடையைப் போல் ஒருவர் வழியாக மற்றவருக்குச் செல்வது. அது கடமைக்குரியது, எபிரெயர் நிருபத்தின் வாழ்த்து கேட்பதைப் போல் நற்செயலுக்குத் தகுதிப்படுத்துவது. அது கிட்டாதபோது முறையிடும் உரிமையையும் உடன்படிக்கையே தருகிறது. சங்கீதம் 89 அதற்குச் சான்று.

மாணவர்கள் இவ்வகைத் தியானம் ஒன்றை வாசிக்கும்போது மூன்றைக் கவனிக்கலாம். எடுத்தாளப்பட்ட வசனத்தின் முன்பின் பகுதிகள் அதே பொருளைத் தருகின்றனவா? பராமரிப்பில் அயலாருக்குப் பங்கு உண்டா? கேட்டது கிடைக்காதவரைப் பற்றி எழுத்தாளர் என்ன சொல்கிறார்? மூன்றாவது கேள்விக்கு மௌனமாக இருக்கும் தியானம் குறையுடையது. கிடைக்காதவரையே குற்றவாளியாக்கும் தியானம், தான் விளக்க வந்த உடன்படிக்கைக்கே எதிரானது. ஆபிரகாம் உறங்கிக்கொண்டிருந்தபோதே அந்த உடன்படிக்கை உறுதியாயிற்று என்று ஆதியாகமம் சொல்கிறது. துயரத்தால் சோர்ந்து, நம்பவும் வலுவின்றி இருப்பவருக்கு அந்தக் காட்சியில் ஆறுதல் உண்டு. நல்ல தியான எழுத்து அந்த ஆறுதலைக் குறைக்காமல் அவரிடம் கொண்டுசேர்க்கும்.